பிள்ளையார் கோயில் கிணற்றுத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவை வடவள்ளிப் பக்கம் நம் குடியிருப்பில் உள்ள பிள்ளையார் கோயில் கிணற்றைத் தூர் வாரி, இடிந்த சுற்றுச்சுவரைக் கட்டி, மண்டபத்து மழைநீரையும் பக்கத்து வீதி வீடுகளின் மொட்டைமாடித் தண்ணீரையும் கிணற்றுக்குக் கொண்டு சேர்க்கும் வேலை நல்லபடியாக முடிந்தது. மடப்பள்ளிக் கூரையும் வெள்ளையடிப்பும் கூடவே முடிந்தன. அவற்றை எல்லோரும் நேரில் பார்த்தீர்கள். கிணற்றைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முன்னின்று நடத்தியவர் மூன்றாம் வீதி ஐயா. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பணிக்காலம் முழுவதும் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். 1912ல் தொடங்கிய அந்த நிறுவனம், நாணல் போன்ற காட்டுக் கரும்போடு நல்ல கரும்பைக் கலந்து 1918ல் கோ 205 ரகத்தைக் கொடுத்தது. இன்று தோட்டங்களில் நிற்கும் கோ 86032 ரகமும் அங்கிருந்து வந்ததுதான். ஒரு ரகத்தை விவசாயி கையில் கொடுக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆகுமாம். அதனால்தானோ என்னவோ, எதையும் அளக்காமல் அவர் முடிவு சொல்வதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சுற்றுவட்டாரத்துக் குடியிருப்போர் சங்கங்களுக்கெல்லாம் தண்ணீர்ப் பரிசோதனை முடிவைப் படித்து விளக்குவது, மாநகராட்சிக்கு மனு எழுதித் தருவது என்று அலைந்துகொண்டிருக்கிறார். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை.

கிணற்றை மூடிவிட்டு ஆழ்துளை போடலாம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் பூமி கெட்டிப் பாறை; ஆயிரம் அடி போனாலும் பாறை வெடிப்பு கிடைத்தால்தான் தண்ணீர். மேல்சரளையில் ஊறும் மழைநீரைப் பிடித்து வைக்கக் கிணறுதான் தோது என்று ஐயா சொன்னதைக் குழு ஏற்றுக்கொண்டது. இப்போதும் அதுவே சரியான முடிவு என்று நினைக்கிறோம்.

முதலில் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதற்கான உறிஞ்சு குழி தோண்டியபோது தண்ணீர் ஊற்றினோம், இறங்கவே இல்லை. ஐயா குழிக்குள் இறங்கி, கரிசலுக்கு அடியில் இருந்த வெள்ளைக் கட்டியைப் பெயர்த்தெடுத்து, அதன்மேல் இரண்டு சொட்டு அமிலம் விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. “சுக்கான், சுண்ணாம்புக் கட்டி. இது மூடி போட்ட மாதிரி. உடைச்சுட்டுச் சரளைக்குப் போங்க” என்றார். கடப்பாரையால் அந்த அடுக்கை உடைத்துச் சரளை தட்டியதும் மறுபடி நிரப்பினோம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அளவுகோலில் தண்ணீர் இறங்குவதைக் குறித்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் கூழாங்கல், ஜல்லி, மணல் போட அனுமதித்தார். கொத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. ஆனால் அன்று அவசரப்பட்டிருந்தால் அந்தக் குழி வெறும் தொட்டியாக நின்றிருக்கும்.

1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் தண்ணீர். முதல் மழை மாடியின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருவதால் அதை வெளியே விடத் தனி வால்வு வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் அவரவர் மாடியைக் கூட்டிவிட வேண்டும்.

இந்தத் தண்ணீர் அபிஷேகத்துக்கும் பூங்காவுக்கும் மட்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தாலே குடிநீர் ஆகிவிடாது, கிருமிப் பரிசோதனையும் வேண்டும் என்று ஐயா உறுதியாக இருக்கிறார். அதுவரை குடிக்கச் சிறுவாணித் தண்ணீர்தான்.

வரவு செலவு ரசீதுகளோடு சங்க அலுவலகத்தில் இருக்கிறது. எந்த உறுப்பினரும் பார்க்கலாம். தூர் வாரிய கூலிக்கும் கல் கட்டுக்குமே பெரும்பகுதி போயிற்று. கிணற்று நீர்மட்டத்தை வாராவாரம் குறிக்கும் நோட்டு பூசாரி வீட்டில் இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து வீதிக்கு ஒருவர் முறை வைத்து எழுத வேண்டும். விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்