டோர்ட்முண்டிலிருந்து அப்பா அம்மாவுக்கு

டோர்ட்முண்ட்
புதன்கிழமை இரவு

அன்புள்ள அப்பா, அம்மா,

அம்மாவின் கடிதம் ஆடி மாதமே கைக்கு வந்துவிட்டது. மாமி கொண்டுவந்த பொதியில், தவில் தோல்களைச் சுற்றியிருந்த பழைய சேலைத் துண்டுக்குள் இருந்தது. ஒரு மாதமாகப் பதில் போடாதது என் பிழை. போனில் கதைத்தால் அம்மாவோடு மட்டும்தான் கதைக்கலாம், அப்பாவுக்குக் கேட்காது. அதனால் எழுத வேண்டும் எழுதவேண்டும் என்று நினைத்தபடியே நாள் போய்விட்டது. தங்கச்சி, இதை அப்பாவின் வலக்காதுப் பக்கம் இருந்து ஆறுதலாக வாசி.

நான் நல்ல சுகம். இந்த ஓகஸ்டில் என் கட்டிலில் படுத்தது ஒன்பது இரவுகள்தான். இங்கே கோடை இரண்டு மூன்று மாதம், அதற்குள்தான் ஐரோப்பாவில் உள்ள நம் கோயில்கள் எல்லாம் கொடி ஏற்றித் தேர் இழுத்து முடிக்க வேண்டும். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளின் தேர் கோடைத் தொடக்கத்திலேயே முடிந்தது. அதற்குப் பிறகு கோயில், கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று ஓட்டம். பெரியண்ணையின் நாதஸ்வரம், என் தவில், இங்கே பிறந்த பொடியன் ஒருவன் இரண்டாவது தவில், தாளத்துக்கு இன்னொருவர். நாலு பேரும் ஒரே வான் வண்டியில்.

முதலில் டென்மார்க்கில் பிராண்டே அபிராமி அம்மன். ஏழு மணித்தியால ஓட்டம். போய் இறங்கினால் மழை. ஓகஸ்டிலும் குளிர் காற்று. தவிலின் வலந்தலைத் தோல் இளகி, அடித்தால் ஈரச் சாக்கில் அடித்த மாதிரி இருந்தது. தவிலைப் போர்வையால் சுற்றி வானுக்குள் சூடு போட்டு வைத்திருந்து, சுவாமி எழுந்தருளும் நேரம்தான் வெளியே எடுத்தேன். அம்மா அனுப்பிய தோல் நன்றாகத் தாங்கியது. யார் பதப்படுத்தித் தந்தார்களோ, அவர்களிடமே இன்னும் இரண்டு சொல்லி வையுங்கள்.

விரல்களில் போடும் கூடுதான் இங்கே பெரிய பாடு. அம்மா பசை காய்ச்சித் தர, திண்ணையில் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு இருந்தால் அரை நாளில் காய்ந்துவிடுமே. இங்கே கோதுமை மாவில் பசை காய்ச்சி, துணி நாடாவை விரல்களில் சுற்றி, இரவு முழுக்க வைத்தாலும் உள்ளே பச்சையாகவே இருக்கிறது. தலைமயிர் உலர்த்தும் மெஷினைப் பிடித்தால் மேலே வெடிக்கிறது. இப்போது அதைத் தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு விரலுக்கு இருபது நிமிஷம் கொடுக்கிறேன். அப்படிச் செய்தது பாரிஸ் தேர் முடியும் வரைக்கும் கழலவில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றிப் போன தடவை எழுதினேனா? எண்பது வயதுக்கு மேல். இந்த நகரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1987இல் மூடும் வரைக்கும் மண்ணுக்குள் வேலை செய்தவர். பந்தயப் புறா வளர்க்கிறார். இந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது பரம்பரைப் பழக்கமாம். இங்கே இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் போட முடியாது, ஞாயிற்றுக்கிழமையும் அமைதி நாள். அதனால் நான் தலையணையில்தான் சாதகம் செய்வேன். ஒருநாள் மாலை உண்மையான தவிலை எடுத்து அடித்தபோது அவர் வந்து கதவைத் தட்டினார். பயந்துபோனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து, தவிலின் பலாக்கட்டையில் உள்ளங்கையை வைத்து, அடி என்று சைகை காட்டினார். சுரங்கத்தில் அவருக்கும் காது போய்விட்டது அப்பா. கால் மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு கையை எடுக்காமலே நின்றார். இப்போது நான் பயணம் போய் வந்தால் புறாக்கூட்டுப் படியில் இருந்து எழும்பி வருவார். எனக்கு அவரைப் பார்க்க நிம்மதியாக இருக்கும்.

அடுத்தது சுவிஸில், பேர்ணில் கலியாணம். அங்கே ஒரே கட்டடத்துக்குள் சிவன் கோயிலும் பள்ளிவாசலும் புத்த விகாரையும் தேவாலயமும் இருக்கின்றன. 2014இல் திறந்தது. அப்பா பார்த்தால் சந்தோசப்படுவீர்கள். திரும்பி வரும்போது வான் பழுதாகி வழியில் ஒரு இரவு நிற்கவேண்டி வந்தது, பெரிய செலவில்லை. வேறொரு இடத்தில் பேசிய காசு இன்னும் வரவில்லை. வரும்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. கோயில்களில் அன்னதானம், கலியாண வீட்டில் பார்சல். வீட்டில் இருக்கும்போது பாணும் சம்பலும்.

பாரிஸ் தேர் போன ஞாயிறு நடந்தது. மாணிக்க விநாயகர் கோயிலில் கோபுரம் கிடையாது, லாச்சப்பலில் ஒரு தெருவோரக் கட்டடம்தான். கோயில் 1985இல் இருந்து இருக்கிறது. ஆனால் தேர் வெளியே வந்தால் ஊர் மாதிரித்தான். கடைக்குக் கடை வாசலில் மஞ்சள் தண்ணீர், கற்பூரம், குவித்து வைத்த தேங்காய். சிதறு தேங்காய் அடித்த தண்ணீர் சூடான தார் ரோட்டில் ஓடி, அந்த மணம் மேலே வந்தது. அவ்வளவு நேரமும் ஒன்றும் இல்லை எனக்கு. அந்த மணத்தோடு பெரியண்ணை கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி எடுத்ததும், கூட்டத்துக்குள் உங்களைத் தேடத் தொடங்கிவிட்டேன். தலையில் துவாய் கட்டிய வயதானவர் ஒவ்வொருவரையும் பார்த்தேன்.

நடை மாறுகிற இடத்தில் நீங்கள் கழியை ஒரு கணம் தூக்கி நிறுத்திவிட்டுப் பிறகுதானே தவிலின் தொப்பிப் பக்கத்தில் இறக்குவீர்கள்? நான் அப்படி அடிப்பதில்லை, உங்களுக்கே தெரியும், எத்தனை ஏச்சு வாங்கினேன். அன்று கை தானாக நின்றது. பெரியண்ணை நாதஸ்வரச் சீவாளியை வாயில் இருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, உங்களை நினைத்து “சித்தப்பா!” என்றார். அதற்குப் பிறகு அவரால் ஒரு ஆவர்த்தனம் ஊத முடியவில்லை, நான்தான் தனியாக வைத்து ஓட்டினேன். தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975இல் போனபோது உங்களுக்கு இருபத்திரண்டு வயது, அந்த நாதம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்று சொல்வீர்களே. எனக்கு உங்களுடைய நாதம் அப்படித்தான் அப்பா.

நல்லூரில் கொடி ஏறிய நாளில் இருந்து பின்னேரத் திருவிழாவைப் போனில் பார்க்கிறேன். இந்த ஞாயிறு தேர். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே விடியற்காலை மூன்றரை. எழும்பி இருப்பேன். அம்மா எனக்காகவும் ஒரு கற்பூரம் கொளுத்துங்கள்.

சரி, வீட்டு விசயங்கள்.

கோண்டாவில் சம்பந்தம் பற்றி எழுதியிருந்தீர்கள். பெரியண்ணைக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும், நல்ல சனம் என்கிறார். ஆனால் தங்கச்சிக்குப் பிடித்திருக்கிறதா என்று அம்மா எழுதவில்லையே. அவளிடம் கேட்டுவிட்டு மேலே பேசுங்கள். வீட்டை அவள் பெயருக்கே எழுதலாம். அம்மம்மாவின் வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயரும் இருப்பதால், பெர்லினில் இலங்கைத் தூதரகத்துக்குப் போய், எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அட்டோர்னித் தத்துவம் எழுதி அனுப்புகிறேன். எனக்கு அதில் ஒரு பங்கும் வேண்டாம். குசினிக் கூரையை மாரிக்கு முன் மாற்ற வேண்டும். இந்த மாதக் காசு மட்டும் இரண்டு கிழமை பிந்தும், யோசிக்க வேண்டாம். செப்டம்பரில் இரவு வேலையும் கேட்டிருக்கிறேன், கோடை முடிந்தால் எனக்கு நேரம் இருக்கும்தானே.

அப்பாவின் தவிலைக் கேட்டு வருகிறவருக்கு விற்க வேண்டாம். எவ்வளவு தந்தாலும் வேண்டாம். பெரியக்காவின் மகன் பழக ஆசைப்படுகிறான் என்றால் அவனிடம் கொடுங்கள். முதல் மூன்று மாதம் கையில் கூடு போட விடாதீர்கள், எனக்குச் செய்த மாதிரியே.

காது மெஷினையும் பற்றரியையும் வெள்ளிக்கிழமை வருகிற மாமாவிடம் கொடுத்து விடுகிறேன். பற்றரி செம்மஞ்சள் ஒட்டுத்தாள் போட்டது. தாளை உரித்த பிறகு இரண்டு நிமிஷம் காற்றுப்பட வைத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும், தங்கச்சி. இரவில் மெஷினின் பற்றரிக் கதவைத் திறந்து வை, இல்லாவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடும். பாரிஸ் மல்லாரி உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். மெஷினைப் போட்டதும் அப்பாவுக்கு முதலில் அதைப் போட்டுக் காட்டு. என்ன சொன்னார் என்று அவர் சொன்ன மாதிரியே எழுது, பிழை பிடித்தாலும் சரி.

உங்கள் அன்பு மகன்