வாணவேடிக்கைக்கு ரிமோட் வந்துருச்சு, சாவி யார் கையில?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுற எலக்ட்ரீஷியன் நான். ஊதுபத்திய குச்சியில கட்டி திரி கொளுத்துன காலம் போயி, இப்ப ஒயர் இழுத்து ரிமோட்ல வாணம் விடுறது எங்க பக்கமும் வந்துருச்சு. நல்லதுதான், வாணம் வச்சு விடுற குழாய் மேல குனிஞ்சு கொளுத்தப்போயி முகம் கருகுனவங்க ஊருக்கு ஒருத்தராவது இருப்பாங்க. ஆனா ஒயர் வந்ததும் இனி பயமே இல்லன்னு ஒரு தைரியம் வருது பாருங்க, அதுதான் வயித்தக் கலக்குது.

திரிக்குப் பதிலா ஒயர் முனையில இருந்து பத்தவைக்கிற இக்னைட்டருக்குள்ள முடி கனத்துல ஒரு கம்பி, அத சுத்தி மருந்து, அரை ஆம்பியர் போனாலே பத்திக்கும். எங்க தொழில்ல ஒயர் கட்டாகியிருக்கான்னு பாக்க கை தானா டெஸ்ட் லேம்புக்குத்தான் போகும். 100 வாட் குண்டு பல்புன்னா அதுலயே கிட்டத்தட்ட அரை ஆம்பியர் ஓடும், பல்பு எரிய ஆரம்பிக்கிற அந்த மொத நொடியில அதவிட பல மடங்கு, அப்ப டெஸ்ட் பண்றப்பவே வெடிக்கும், பக்கத்துல ஆள் நின்னுட்டு இருப்பான். போன மாசித் திருவிழால ஒரு தம்பி அப்படித்தான் பல்பும் கையுமா குழாய்கிட்ட போனான், சத்தம் போட்டு நிறுத்துனேன், "சும்மா செக் பண்ணத்தாண்ணே"ங்குறான். அதுக்குன்னே சில மில்லி ஆம்பியர் மட்டும் விடுற மீட்டர் இருக்கு, அதையும் ஆள தள்ளி நிக்கவச்சுட்டுத்தான் வைக்கணும்.

ரிமோட்டும் அப்படித்தான். மலிவா வாங்குறதுல நெறைய 433 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுறது, கேட் ரிமோட்டும் அதே அலைவரிசைதான். வேற சிக்னல் குறுக்க வந்துரலாம், அதனால ரிமோட் சிக்னல வாங்கி ஒயர்ல கரண்ட் விடுற பாக்ஸுக்கு சாவி கட்டாயம், அந்த சாவி குழாய்கிட்ட வேல பாக்குறவர் பாக்கெட்டுல இருக்கணும், பட்டன் அமுக்குறவர்கிட்ட இல்ல. பேட்டரி கடைசியா, எல்லாரும் வெளிய வந்தப்புறம். ஒயர பாக்ஸுல மாட்டுற வரைக்கும் அதோட முனை ரெண்டையும் முறுக்கி வைங்க, இடி இடிச்சா வேலைய விட்டுட்டு தள்ளி வந்துருங்க. வெடிக்கலையா, ஓடிப்போயி எட்டிப் பாக்காதீங்கய்யா, பேட்டரிய கழட்டிட்டு அரை மணி நேரமாவது பொறுங்க.

ஒயர் போட்டாச்சுன்னு சரக்க பக்கத்துலயே அடுக்குறாங்க. 2016 ஏப்ரல் 10ல கொல்லம் பக்கம் பரவூர் புற்றிங்கல் கோயில்ல பொறி விழுந்து வெடி வச்சிருந்த கட்டடமே வெடிச்சு நூறு பேருக்கு மேல செத்தாங்களே, பொறிக்கு ரிமோட்டும் ஊதுபத்தியும் ஒண்ணுதான்.

வாணவேடிக்கைக்கு அனுமதி குடுக்குற அதிகாரிங்க ஒயர் மாட்டுறது யாரு, பயிற்சி இருக்கா, எந்த மீட்டர், பாக்ஸுல சாவி இருக்கான்னு நேர்ல பாத்து கையெழுத்து போடணும். விழா கமிட்டிக்காரங்களும் இத கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க.

இப்படிக்கு,
ஒரு எலக்ட்ரீஷியன், விருதுநகர் மாவட்டம்