முப்பது நாளுக்குள்

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்கு நீ போட்ட மெயிலுக்கு இப்போதுதான் பதில். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். போன் அடித்துப் பார்த்தேன், நீ என்றைக்குத்தான் எடுத்திருக்கிறாய்! உன் தம்பி மகளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்து, எடை ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டதாமே, பெரியக்கா சொன்னாள். கண் பார்த்தார்களா என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் பேரன் 29 வாரத்தில் பிறந்தவன். அவனால்தான் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைக் கெடுக்கும் ஆர்.ஓ.பி. என்ற நோயைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன்.

விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கர்ப்பத்தின் 16ஆம் வாரம் வாக்கில்தான் நடுவிலிருந்து கிளம்புகின்றன. காதுப் பக்கத்து ஓரத்தைத் தொட ஏறக்குறைய 40 வாரம் ஆகிறது. குழாய் எட்டாத திசு ஆக்சிஜன் போதாமல் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கும். ஈரம் தேடி வேர் ஓடுவதுபோல் குழாய் அதை நோக்கி நீளும். குழந்தை முந்திப் பிறந்து ஆக்சிஜன் அதிகமாகிவிட்டால் அந்தச் சுரப்பு அடங்கி, குழாய் பாதியில் நின்றுவிடுகிறது. தாயிடம் இருந்தவரை கிடைத்த ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியும் குறைந்துவிடுகிறது, அது போதாவிட்டால் வி.இ.ஜி.எஃப். இருந்தும் குழாய் சரியாக வளராது. சில வாரம் கழித்து, வளர்ந்த விழித்திரைக்கு ஆக்சிஜன் பற்றாமல் போகும்போது வி.இ.ஜி.எஃப். எக்கச்சக்கமாகப் பெருகும். புதுக்குழாய்கள் கண்டபடி முளைத்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

1942இல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் டாக்டர் இந்தக் குருட்டை முதலில் எழுதி வைத்தார். உயிர் காக்கத் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன்தான் காரணமோ என்று 1951இல் சந்தேகப்பட்டவர் மெல்போர்னின் குழந்தை டாக்டர் கேட் கேம்பல். பிறகு ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். மூச்சுக்குத் திணறிக் குழந்தைகள் செத்தன. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, வசந்தி.

வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. குழந்தை விளக்கைப் பார்க்கும், கண் பளபளவென்றிருக்கும். சொட்டு மருந்து விட்டு, இமையைச் சின்னக் கம்பியால் விலக்கி, டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு லென்ஸ் வழியாகப் பார்த்தால்தான் தெரியும். குழந்தை வீறிடும், அதற்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. நேரத்தில் கண்டுபிடித்தால் லேசரோ ஊசியோ போட்டுப் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். எங்கள் பேரனுக்கு நோய் இரண்டாம் நிலை வரை வந்து தானாகவே அடங்கியது. குழாய் ஓரத்தை எட்டும்வரை விடாமல் கூட்டிப் போனோம்.

இன்றைக்கே உன் தம்பி மகளைக் கேள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆர்.ஓ.பி. பார்த்ததாக எழுதியிருக்கிறதா, அடுத்த தேதி போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல். இல்லையென்றால் குழந்தைகளின் விழித்திரை பார்க்கிற டாக்டரிடம் நாளைக்கே போகட்டும். 30 நாள் தாண்டியிருந்தாலும் போகட்டும். "நல்லாத்தானே பாக்குறான்" என்று உன் தம்பி சொன்னால் போனை என்னிடம் கொடு.

உன்
கமலா