கேட்காமல் தந்த 'மேம்பட்ட அறை' குறித்து ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: குடும்பக் கப்பல் பயணத்தில் எங்கள் ஒப்புதல் இல்லாமல் அறைகளை மாற்றியது, அதனால் நேர்ந்த பாதுகாப்புக் குறைபாடுகள், திருப்பித் தர வேண்டிய தொகை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான், என் கணவர், மாமியார், ஒன்பது வயது மகள், இரண்டு வயது மகன் என ஐந்து பேர் போன மாதம் உங்கள் கப்பலில் பயணம் செய்தோம். ஊர் திரும்பிய கையோடு உங்கள் இணையதளத்தில் ஒரு புகார் பதிந்தேன். "உங்களுக்கு வழங்கப்பட்ட இலவச மேம்பாட்டை நீங்கள் ரசித்திருப்பீர்கள் என நம்புகிறோம்" என்று பதில் வந்தது. நான் புகார் சொன்னதே அந்த மேம்பாட்டைப் பற்றித்தான். அதனால் இந்த முறை யாராவது ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பார் என்று நம்பி விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் காசு கொடுத்து வாங்கியது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், நடுவே கதவு வைத்த இரண்டு அறைகள். எந்த அறை கிடைத்தாலும் சரி என்பவர்களுக்கு நீங்கள் குறைந்த கட்டணத்தில் ஒரு வகை டிக்கெட் தருகிறீர்கள். அதை நாங்கள் எடுக்கவில்லை. தளத்தின் வரைபடத்தைப் பார்த்து, அறை எண்ணைக் குறித்து, அதற்கென்று கூடுதலாகவும் கட்டினோம்.

அப்படிக் கட்டியதற்குக் காரணம் உண்டு. மாமியாருக்குத் தலைசுற்றல் வரும். அலையில் கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது அது சீசா பலகை மாதிரிதான். நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு, முனையில் இருப்பவருக்குத்தான் தூக்கிப் போடும். மேல்தளங்களுக்குப் போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்குமே தவிர, முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய பிரயோஜனம் இல்லை. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழ்த்தளத்தில் நடு அறையாகப் பார்த்து எடுங்கள் என்று உங்கள் இணையதளமே அறிவுரை சொல்கிறது. அதை நம்பித்தான் எடுத்தோம். நடுக்கதவு எதற்கென்றால், மகள் பாட்டியோடுதான் தூங்குவாள், சின்னவன் ராத்திரி எழுந்தால் என்னைத் தேடுவானா பாட்டியைத் தேடுவானா என்று சொல்ல முடியாது. கதவைத் திறந்து வைத்துவிட்டால் இரண்டு அறையும் ஒரு வீடு மாதிரி ஆகிவிடும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு உங்களிடமிருந்து "வாழ்த்துகள்!" என்று ஒரு மின்னஞ்சல். பால்கனி உள்ள அறைகளுக்கு இலவசமாக உயர்த்தியிருக்கிறீர்களாம். எண்ணைப் பார்த்தோம். மேல்தளம், கப்பலின் முன்முனை, பக்கத்துப் பக்கத்து அறைகள், நடுவே கதவு கிடையாது. உடனே உங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டு, வெகுநேரம் பாட்டு கேட்டு, கடைசியில் கிடைத்த பதில்: "பழைய அறைகளை வேறு பயணிகளுக்குக் கொடுத்தாகிவிட்டது, சிஸ்டம் தானாகச் செய்த மாற்றம்." கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் கேட்டபோது, "ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு மேடம்" என்றார் ஒரு இளைஞர். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இணைப்பு அறைக்கும் அடுத்தடுத்த அறைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மேசையில் இருப்பவருக்கே தெரியாவிட்டால், பதிவு செய்கிறவர்கள் எதை நம்பிப் பதிவு செய்வது?

அந்த வித்தியாசம் என்ன என்பதை முதல் ராத்திரியே பார்த்தோம். சின்னவன் அழ ஆரம்பித்ததும் மாமியார் பதறி எழுந்து எங்கள் அறைக்கு வரக் கிளம்பியிருக்கிறார். அறைக் கதவு கனமானது, தீத்தடுப்புக்காகத் தானாக மூடிக்கொள்வது. வெளியே வந்ததும் பின்னால் படக்கென்று சாத்திக்கொண்டது. சாவி அட்டை உள்ளே. நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், கண்ணாடி போடாததால் எண் தெரியவில்லை. தரை வேறு ஏறி இறங்குகிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கதவு தள்ளி இருந்த யாரோ ஒருவர் அறையைத் தட்டியிருக்கிறார். மறுநாள் என் மகள் தன் பையிலிருந்த ஆமை காந்த பொம்மை ஒன்றை எங்கள் கதவில் ஒட்டி வைத்தாள். கப்பலின் சுவரும் கதவும் உலோகம் என்பதால் காந்தம் நன்றாகப் பிடிக்கும். அதன் பிறகு பாட்டி வழி தவறவில்லை. உங்கள் நிறுவனத்தில் யாருக்கும் தோன்றாத தீர்வு அந்தப் பிள்ளைக்குத் தோன்றியது.

அடுத்தது பால்கனி. நிறையப் பேருக்கு அது கனவு, மறுக்கவில்லை. இரண்டு வயதுப் பையனை வைத்திருப்பவர்களுக்கு அது ராத்திரி பகலாகக் காவல் காக்க வேண்டிய இடம். தடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலியும் ஒரு குட்டை மேசையும் போட்டிருந்தது. எதன் மேலாவது ஏறுவதுதான் அவனுக்கு அப்போது முழுநேர வேலை. எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட பணியாளர் கேட்காமலேயே நாற்காலி மேசையை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், பால்கனிக் கதவின் மேல்தாழ்ப்பாளையும் எப்படிப் போடுவது என்று காட்டினார். அந்த மனிதருக்கு இந்தக் கடிதம் மூலமாகவும் நன்றி. அவர் பெயரை இணைப்பில் தனியாகக் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து அவருக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சேர்த்துவிடுங்கள்.

இனி நான் சொல்வதைச் சாதாரண சிரமம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆபத்து வந்தால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது, அதாவது மஸ்டர் ஸ்டேஷன், அறையை வைத்துத்தான் ஒதுக்கப்படுகிறது. நீங்கள் அறையை மாற்றினீர்கள். ஆனால் துறைமுகத்தில் குழந்தைகள் கையில் கட்டிவிட்ட பட்டையில் இருந்தது, கூட வேண்டிய இடத்தைக் குறிக்கும், பழைய அறைக்கான எழுத்து. எங்கள் புதிய அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததோ வேறு எழுத்து. பெரியவர்கள் ஓரிடத்துக்கும் குழந்தைகள் ஓரிடத்துக்கும் போக வேண்டும் என்று கப்பலே சொல்கிற நிலை. மகள் தன் மணிக்கட்டைக் கதவுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்து, "அம்மா, ரெண்டும் ஒண்ணா இல்லையே" என்று காட்டிய பிறகுதான் தெரிந்தது. ஆபத்துக்காலப் பாதுகாப்புப் பயிற்சி நடந்த இடத்தில் சொன்னதும் ஊழியர் கத்தரிக்கோல் கொண்டுவந்து பழைய பட்டையை வெட்டிவிட்டு வேறு கட்டினார். சரி, அது முடிந்தது. அப்புறம் சின்னவனின் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டோம். பதிவின்போதே கைக்குழந்தை அளவில் ஒன்று வேண்டும் என்று குறித்திருந்தோம். அது பழைய அறையில், யாரோ ஒரு வயதான தம்பதியின் அலமாரியில் இருந்தது. எங்கள் கைக்கு வந்து சேர்ந்தபோது கப்பல் கரையை விட்டு விலகியிருந்தது.

சோலாஸ் எனப்படும் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, 24 மணி நேரமோ அதற்கு மேலோ போகிற பயணத்தில் கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதற்கேற்ற லைஃப் ஜாக்கெட் இருந்தாக வேண்டும். உங்கள் கப்பலில் இருந்தது, உண்மைதான். அது குழந்தை இல்லாத அறையில் இருந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. அதனால் அன்று ஏறியவர்களில் பல நூறு பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி மாறி, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பயிற்சியை நீங்கள் ஒழுங்காகவே நடத்தினீர்கள். ஆனால் தவறான எழுத்தைக் கையில் கட்டிக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு அதனால் என்ன பலன்?

பெட்டிகள் கதையும் இதேதான். பழைய அறை எண்ணோடு ஒட்டிய சீட்டுகளைப் பார்த்துக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டன. மருந்து, மாற்றுத்துணி ஒரு செட், சின்னவனின் டயப்பர் எல்லாம் கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம். ஏறும் நாளில் பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும் என்பது கப்பலில் போய் வந்த எல்லோரும் சொல்கிற விஷயம். எங்களுக்கு நள்ளிரவு தாண்டி வந்தது. அறையை உயர்த்திய சிஸ்டத்துக்கு, சீட்டை மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் விளம்பரப் படத்தில் கைக்குழந்தை ஒன்று நீச்சல்குளத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறது. கப்பலில், டயப்பர் போடுகிற குழந்தைக்குக் குளத்தில் இடமில்லை, நீச்சல் டயப்பர் என்றாலும் கூடாது. மற்றவர்கள் உடல்நலம் கருதி வைத்த நியாயமான விதி. அப்படியென்றால் படத்தை எடுத்துவிடுங்கள். குழந்தைகள் மன்றத்துக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், கழிப்பறைப் பழக்கமும் வந்திருக்க வேண்டும் என்பதையும் வாசலில் போய் நின்ற பிறகுதான் சொன்னார்கள். பதிவில் பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்கிறீர்களே, அதை வைத்து ஒரு எச்சரிக்கை காட்டக் கூடாதா? சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கை கழுவும் தொட்டிகளை மூடி வைத்துவிட்டு ஆல்கஹால் ஜெல் மட்டும் வைத்திருந்தீர்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்புகிற நோரோ வைரஸுக்கு அந்த ஜெல் அவ்வளவாக எடுபடாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்கவில்லை. நங்கூரம் போட்டுச் சிறு படகில் கரைக்குக் கூட்டிப்போகிற இடம் அது. அன்று அலை பெரிதாக இருந்தது. கேப்டனின் முடிவு சரி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிற்காத துறைமுகத்துக்கு வாங்கிய வரியைத் திருப்பித் தந்ததும் சரி. ஆனால் அதைக் கடைசி நாள் இரவு, கப்பலுக்குள்ளேயே செலவழித்தாக வேண்டிய, மறுநாள் காலாவதியாகிற கணக்காகத் தந்தீர்கள். அந்நேரம் கடைகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நான் அட்டையில் கட்டிய பணம் அட்டைக்குத்தான் திரும்ப வேண்டும்.

நான் கேட்பவை இவை. அறை எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கட்டிய கூடுதல் தொகை முழுவதும், நிற்காத துறைமுகத்தின் வரியும் என் அட்டைக்குத் திரும்ப வர வேண்டும். பதிவுப் படிவத்தில் "என் அறையை மாற்ற வேண்டாம்" என்று ஒரு கட்டம் வையுங்கள். இணைப்பு அறை எடுத்தவர்களையும் குழந்தையோடு வருகிறவர்களையும் கேட்காமல் மாற்றாதீர்கள். ஏதோ ஒரு காரணத்தால் மாற்றியே தீர வேண்டும் என்றால் கைப்பட்டை, மஸ்டர் ஸ்டேஷன், குழந்தையின் லைஃப் ஜாக்கெட், பெட்டிச் சீட்டு நான்கும் அறையோடு சேர்ந்து மாறியதா என்று ஒரு ஆள் சரிபார்க்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் என்ன நடந்தது என்று விசாரித்து எழுத்தில் பதில் தர வேண்டும். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும், இந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியின் கீழ் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் கடல்சார் பாதுகாப்புத் துறையிடமும் இதே விவரங்களோடு புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பயணி

இணைப்பு: முதல் பதிவின் உறுதிச்சீட்டு, "வாழ்த்துகள்" மின்னஞ்சல், வெட்டிய கைப்பட்டையின் படமும் அறைக் கதவில் இருந்த அறிவிப்பின் படமும், கடைசி நாள் கணக்கு, அறைப் பணியாளரைப் பாராட்டி மாமியார் கைப்பட எழுதிய குறிப்பு.