லெட்டர்ல நாங்க பாத்த வேலையையும் எழுதுங்க சார்

நீர் ஆராய்ச்சி ப்ராஜெக்ட் நடத்துற பேராசிரியர்கள், மூத்த விஞ்ஞானிகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை இளம் ஆராய்ச்சியாளர்களுக்குன்னு நீங்க வெச்ச வழிகாட்டி நிகழ்ச்சில நானும் கடைசி வரிசைல உக்காந்திருந்தேன். ஆர்வத்தோட வேலை பாருங்க, பேப்பர் போடுங்க, நாலு பேரப் பழகி வெச்சுக்கோங்கன்னு சொன்னீங்க, சரி சார். ஆனா மத்திய நிலத்தடி நீர் வாரியத்துல விஞ்ஞானி வேலைக்கு யூபிஎஸ்சி நடத்துற பரிச்சைய எழுதணும்னா நிலவியல், புவி இயற்பியல், வேதியியல் பக்கம் முதுகலை வேணும், என்னை மாதிரி சுற்றுச்சூழல் அறிவியல் படிச்சவ அப்ளிகேஷனே போட முடியாதுங்கறத மேடைல ஒருத்தர்கூட வாயத் தொறந்து சொல்லல.

அத விடுங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கான்ட்ராக்ட் முடிஞ்சு போறவங்களுக்குக் குடுக்கற லெட்டர்ல என்ன வேலை பாத்தாங்கன்னு எழுதிக் குடுங்க.

மூணு வருஷம் சென்னைக்கு வடக்க மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கிணறு கிணறா அலைஞ்சேன், தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி கடல் உப்பு உள்ள வந்த கத உங்களுக்குத் தெரியாததா. மழைக்கு முன்னாடி ஒரு ரவுண்டு, மழை முடிஞ்சு ஜனவரில ஒரு ரவுண்டு. ஐஸ் பாக்ஸத் தூக்கிட்டு விடியக்காலைல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, தண்ணில உப்பு எவ்ளோன்னு மின்கடத்துத்திறன வெச்சுக் காட்டுற ஈசி மீட்டர, அளவு தெரிஞ்ச 1413 கரைசல்ல செட் பண்ணி, டேப் இறக்கி நீர்மட்டம் பாத்து, பாட்டில்ல லேபிள் ஒட்டி, ராத்திரி லேப்ல வந்து சொட்டுச் சொட்டா கரைசல் விட்டு உப்போட அளவு பாக்குற குளோரைடு டைட்ரேஷன். ஒரு கிணத்துக்கார ஆயா மட்டும் ஒவ்வொரு தடவையும் கேக்கும், "இன்னாமே, அளந்து அளந்து பாக்குறியே, உப்பு போச்சா?"

கடைசில எனக்குக் கெடச்ச லெட்டர் ரெண்டு வரி. இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், நடத்தை திருப்திகரம். அவ்ளோதான். போன மாசம் ஒரு இன்டர்வியூல ஃபீல்ட் அனுபவம் உண்டான்னு கேட்டாங்க, உண்டுன்னேன், "லெட்டர்ல ஒண்ணும் இல்லியேம்மா"ன்னு ஃபைல மூடிட்டாங்க. நான் எடுத்த டேட்டா பேப்பரா வந்திருக்கு, நன்றி சொல்ற எடத்துல கூட என் பேர் இல்ல, ஜீப் ஓட்டுன அண்ணன் பேர் இருக்கு (அவருக்கு வந்ததுல சந்தோஷந்தான், மூணு வருஷத்துல ரெண்டு தடவதான் ஜீப் வந்துச்சு).

2019ல சென்னைக்கு ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி வந்தப்போ டிவில எல்லாரும் தண்ணி நிபுணர்தான். 2015 வெள்ளத்துல செம்பரம்பாக்கம் ஏரில எத்தன கனஅடி தொறந்தாங்கன்னு டீக்கடைல கூட வாதம் நடந்துச்சு. நாலு நாள் மழ பேஞ்சா எங்கள மாதிரி பசங்க நாட்டுக்குத் தேவை, ஏப்ரல்ல ஃபண்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போன்னு... சரி, கோவத்துல எங்கயோ போறேன், மன்னிச்சுக்கோங்க.

எத்தன கிணறு, எந்த எந்த டெஸ்ட், எந்த மீட்டர், எந்த சாஃப்ட்வேர், யார் எடுத்த டேட்டா. அரை பக்கம் போதும் சார், இத எழுதறதுக்கு எந்த ஃபண்டும் தேவையில்ல. நான் இருந்த லேப்ல மார்ச்சோட ரெண்டு பசங்களுக்கு கான்ட்ராக்ட் முடியுது. அவங்களுக்காவது தயவுசெஞ்சு எழுதிக் குடுங்க. நேரம் இல்லன்னா சொல்லுங்க, நானே டைப் பண்ணி எடுத்துட்டு வரேன், நீங்க படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போட்டா போதும்.

இப்படிக்கு,
முன்னாள் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், நடத்தை திருப்திகரம்