இந்த ஆண்டு முதலில் பேக்கப், அப்புறம்தான் ஆப்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எங்கள் சாஃப்ட்வேரை வைத்து கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர், நர்சிங் ஹோம் நடத்தும் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. வழக்கமாகக் கட்டண விவரத்தையும் புது வசதிகளின் பட்டியலையும் அனுப்புவோம். இந்த முறை வேலைகளின் வரிசையையே மாற்றியிருக்கிறோம். "ஆப் கேட்டால் பேக்கப் என்கிறீர்களே, ஏன்?" என்று பலர் போனில் கேட்டீர்கள். அதற்கான பதில்தான் இது.

முன்பெல்லாம் எங்களிடம் கேட்டது பில்லிங், டோக்கன், மருந்து ஸ்டாக். 2020 மார்ச்சில் தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டுதல்கள் வந்ததும் எல்லோருக்கும் வீடியோ கன்சல்டேஷன் வேண்டியிருந்தது. இன்று அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. இப்போது கேட்பது நோயாளிகளுக்கான மொபைல் ஆப்பும் ஏ.ஐ.யும். செய்து தரலாம், ஆனால் அடியில் இருப்பது ஆட்டம் காண்கிறது.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் முடக்கியது. பதிவு, பில், லேப் ரிப்போர்ட் எல்லாம் நாள்கணக்கில் காகிதத்தில் நடந்தன. அங்கே எழுதி வைக்க ஆள் இருந்தது. ஒரே ஒரு ரிசப்ஷனிஸ்ட்டை வைத்து இருபது படுக்கை நடத்தும் இடத்தில், யார் எவ்வளவு அட்வான்ஸ் கட்டினார் என்பதுகூடத் தெரியாமல் போகும். சென்னைக்காரர்களான நமக்கு வைரஸோடு மழையும் ஒரு காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் மாடிப்படிக்குக் கீழே, தரையிலேயே சர்வர் வைத்திருக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

பேக்கப் எடுக்கிறோமே என்பீர்கள். எங்கே? சர்வரிலேயே இரவு பகலாகச் செருகிக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கில். சர்வரைப் பூட்டும் ரான்சம்வேர் அதையும் பூட்டும். சர்வர் நனைந்தால் அதுவும் நனையும். இனி தினமும் இரவு ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே போகும். இன்னொரு டிஸ்க்கை வாரம் ஒருமுறை செருகி, பிரதி எடுத்து, கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஆள் வந்து, அந்தப் பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, பழைய நோயாளி ஒருவரின் ரிப்போர்ட்டை உங்கள் கண் முன்னே திறந்து காட்டுவார். திரையில் பச்சை டிக் வந்துவிட்டால் மட்டும் பேக்கப் இருக்கிறது என்று நாங்கள் நம்புவதில்லை.

லேப் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். விண்டோஸ் 7-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனை செய்யும் அனலைசர் மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில்தான் ஓடும். மெஷின் கம்பெனியைக் கேட்டால் மெஷினையே மாற்றச் சொல்வார்கள். லட்சக்கணக்கில் செலவு. நாங்கள் அதைச் சொல்லவில்லை. அந்த கம்ப்யூட்டரை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, இன்டர்நெட்டைத் துண்டித்து, ரிசல்ட் மட்டும் எங்கள் சாஃப்ட்வேருக்கு வரும்படி ஒரே ஒரு வழியை விடுவோம். பென்டிரைவ் செருக முடியாது. நைட் டியூட்டியில் அதில் யூடியூபும் ஓடாது. டெக்னீஷியன் தம்பிகள் மன்னிக்க வேண்டும்.

அடுத்தது சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் கட்டம் கட்டமாகத்தான் அமலுக்கு வரும். 250 கோடி அபராதம் என்று சிலர் பயமுறுத்தி வியாபாரம் செய்கிறார்கள், அது உச்சவரம்பு. கவனிக்க வேண்டியது வேறு. தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்ட நோயாளிக்கும் நீங்கள் தெரிவித்தாக வேண்டும். இணையத் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லி மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. எந்த ஃபைலை யார் திறந்தார் என்றே தெரியாமல் என்னவென்று தெரிவிப்பது? ரிசப்ஷனில் எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே லாகினில் நுழைகிறார்கள். பாஸ்வேர்ட் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. இனி ஆளுக்கொரு லாகின், அதற்குக் கட்டணம் கிடையாது. ஷிஃப்ட் மாறும்போது நேரமாகும் என்பவர்கள் விரல் ரேகைக் கருவி வாங்கிக்கொள்ளலாம். ரிப்போர்ட்டுகளையும் ஊழியரின் சொந்த வாட்ஸ்அப்பிலிருந்து அனுப்புவதை நிறுத்தி, கிளினிக் நம்பரிலிருந்தே போகும்படி செய்கிறோம். வேலையை விட்டுப் போகிறவரோடு நோயாளியின் ரிப்போர்ட்டும் போகக் கூடாது.

மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா எண்ணை இந்த ஆண்டே இணைக்கிறோம். எஸ். முருகன், முருகன் எஸ்., முருகன் சுப்பிரமணி என்று ஒரே மனிதருக்கு மூன்று ஃபைல் திறந்திருப்பது நம் ஊர் இனிஷியல் செய்யும் வேலை. ரிசப்ஷனில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, அந்த 14 இலக்க எண்ணோடு பதிந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும். நோயாளிக்கு இது கட்டாயம் இல்லை. எண் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். அவருடைய சம்மதத்தோடு மற்ற மருத்துவமனைகளுடன் ரெக்கார்டைப் பகிரும் வசதி அடுத்த கட்டத்தில்.

ஏ.ஐ. பற்றிச் சுருக்கமாக: டாக்டர் பேசப் பேச மருந்துச் சீட்டு எழுதுவதைச் சோதித்துப் பார்த்தோம். தமிழும் ஆங்கிலமும் கலந்து ஓடும் நம் ஓ.பி.யில் 'காலையில அரை, ராத்திரி ஒண்ணு' என்பதைத் தவறாமல் எழுதும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இன்னும் வரவில்லை. வரும்வரை விற்கமாட்டோம்.

ஏ.எம்.சி. கட்டணத்தில் மாற்றம் இல்லை. வெளியே வைக்கும் பிரதிக்கு மட்டும் டேட்டாவின் அளவைப் பொறுத்துத் தனிக் கட்டணம். டிஸ்க்கை நீங்களே ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிக்கொள்ளலாம், எது வாங்குவது என்று சொல்கிறோம். ஓ.பி. இல்லாத ஞாயிறு மதியங்களில் வேலையை முடித்துவிடப் பார்க்கிறோம். எங்கள் ஆள் வருவதற்கு முன் போன் செய்வார். ரவுட்டர் பாஸ்வேர்டையும் அனலைசர் கம்பெனியின் சர்வீஸ் நம்பரையும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சாஃப்ட்வேர் சேவைக் குழு,
சென்னை