அமெரிக்கப் பங்கு வாங்குகிறவர்கள் அந்த ஊர் வரிச் சட்டத்தையும் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்த அமெரிக்கப் பங்கு ஏறியது, எது இறங்கியது என்ற செய்தியை நம் நாளிதழில் விடாமல் படிப்பவள் நான். அதை வாங்கியவர் திடீரென்று இறந்துபோனால் வீட்டில் இருப்பவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அத்தான் போன ஆண்டு மாரடைப்பில் தவறிவிட்டார். பத்து வருடமாகக் கைப்பேசிச் செயலியிலேயே சிறுகச் சிறுக அமெரிக்கப் பங்குகள் வாங்கி வைத்திருந்தார், மொத்தம் 150,000 அமெரிக்க டாலர் வரும். மரணச் சான்றிதழ், நீதிமன்ற உத்தரவு எல்லாவற்றையும் கோப்பில் போட்டுக்கொண்டு அக்கா தரகு நிறுவனத்துக்குப் போனால், அமெரிக்க வரித்துறையிடமிருந்து ஒரு சான்றிதழ் வரும்வரை பங்குகளைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "உன் அத்தான் அமெரிக்கா பக்கமே போனதில்லையேடி" என்று அன்று இரவு என்னிடம் அழுதார்.

இருபது வருடம் கணக்கு எழுதிப் பிழைப்பவள், எனக்கே இது தெரிந்திருக்கவில்லை. அப்புறம்தான் வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்கி, வெளிநாட்டார் விஷயத்தில் அமெரிக்க மத்திய வரிச் சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். ஆள் எந்த ஊர், சொத்து எந்த ஊர், இந்த இரண்டு கேள்வியிலேயே பாதிச் சட்டம் அடங்கிவிடுகிறது. ஒரு நிறுவனம் அமெரிக்காவில் பதிவானது என்றால் அதன் பங்கு அமெரிக்கச் சொத்து, நீங்கள் இங்கே சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் உட்கார்ந்து சிங்கப்பூர்த் தரகர் மூலம் வாங்கியிருந்தாலும் சரி.

இங்கே 2008 பிப்ரவரி 15 முதல் இறந்தவர் சொத்துக்கு வரி கிடையாது. அமெரிக்காவில் உண்டு. அவர்கள் குடிமக்களுக்குப் பத்து மில்லியன் டாலருக்கும் மேல் விலக்கு, அங்கே குடியிருக்காத நமக்கோ வெறும் 60,000 டாலர்தான், அதற்கு மேல் போனால் 40 விழுக்காடு வரை ஏறும். அத்தானின் 150,000 டாலருக்கு வரி அட்டவணைப்படி 38,800, அதில் அந்த 60,000 டாலர் விலக்குக்கு ஈடான 13,000 கழிவு போக, கடன் செலவு எதுவும் கழிக்காவிட்டால் 25,800 டாலர் வரி வருகிறது. இறந்த ஒன்பது மாதத்துக்குள் இந்த வரிக்கான 706-என்ஏ என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு இது ஞாபகம் வரும்?

நிறுவனம் லாபத்தில் பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நூறு டாலர் அறிவித்தால் நம் கணக்குக்கு எழுபதுதான் வரும். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இல்லாததால் 30 விழுக்காட்டை அங்கேயே பிடித்துக்கொள்கிறார்கள். இந்தியாவுக்கு ஒப்பந்தம் உண்டு, பொதுவாக 25 விழுக்காடு. அதைப் பார்த்துவிட்டு, கையில் இந்தியக் கடப்பிதழ் இருக்கிறதே என்று அமெரிக்கர் அல்லாதவர் எந்த நாட்டில் வசிப்பவர் என்று தரகரிடம் எழுதிக் கொடுக்கும் டபிள்யூ-8பென் படிவத்தில் இந்தியா என்று போட்டவர்களை எனக்குத் தெரியும். இங்கேயே வாழ்ந்து இங்கேயே வரி கட்டுகிறவர் அப்படிப் போடுவது தவறு, ஏனென்றால் ஒப்பந்தம் பார்ப்பது வரிக்கு நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவர் என்பதை, கடப்பிதழை அல்ல. விற்று வரும் லாபத்துக்குப் பெரும்பாலும் அங்கே வரி இல்லை, அது நல்ல செய்தி.

அமெரிக்கப் பங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அயர்லாந்தில் பதிவான முதலீட்டு நிதிகள் வழியாக அதே பங்குகளில் போட்டால், நம் கையில் இருப்பது அமெரிக்கச் சொத்தாகக் கணக்கில் வராது. அத்தானுக்கு யாராவது இதைத் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அக்கா இன்று சாப்பாட்டு மேசையில் பத்து வருடப் பங்குக் கணக்கைப் பரப்பி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

மாதத்துக்கு ஒரு அரைப் பக்கமாவது இதற்கு ஒதுக்குங்கள் ஐயா. கணக்குப் போட்டுக் காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி